பால்சா ரிப்புகளில் ஒயர்த் துளை: அவரவர் பட்ட பாடு

சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஒரு பயிற்சி விமான மாதிரியின் இறக்கையைக் கட்டத் தொடங்கினேன். பாதி இறக்கைக்குப் பத்து ரிப்புகள், அதாவது இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள். எல்லாம் 2.4 மில்லிமீட்டர் பால்சா என்னும் மிக மென்மையான மரப்பலகை. எய்லரானை (இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் மடலை) அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ இறக்கையின் வெளிப்புறத்தில் அமர்வதால், அதன் ஒயர் ஆறு ரிப்புகளைக் கடந்துதான், ரிமோட்டின் கட்டளையை வாங்கும் நடுவிலுள்ள ரிசீவரை அடைய வேண்டும். ஒயர் என்னவோ மெல்லியதுதான். அதன் நுனியிலுள்ள பிளக்கோ ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அகலமுள்ளது. அது இடிபடாமல் நுழைய 10 மில்லிமீட்டர் துளையாவது வேண்டும் என்று கணக்கிட்டு, மின்சார டிரில்லில் அந்த அளவு பிட்டை மாட்டினேன்.

முதல் இரண்டு ரிப்புகள் எப்படியோ தப்பிவிட்டன. மூன்றாவதில் பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்த கணத்தில், அதன் விளிம்பு நார்களைக் கொக்கி போல அள்ளி, ரிப்பையே என் விரல்களிலிருந்து பிடுங்கிச் சுழற்றியது. துளை இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டை) பொருந்தும் வெட்டு வரைக்கும், நார் ஓடும் வாக்கில், ஒரு நீளத் துண்டு பெயர்ந்து மேசையில் விழுந்தது. இரும்புக்கும் தேக்குக்கும் பழகிய கைக்கு இந்த மரத்தின் மென்மை புரியவே இல்லை.

பின்னர் என் மைத்துனர் சொன்னபடி, 11 மில்லிமீட்டர் பித்தளைக் குழாய் ஒன்றை வாங்கி, பென்சிலைச் சீவுவது போல அதன் வாயை வெளிப்பக்கமாக உப்புத்தாளில் தேய்த்துக் கூராக்கி, கையால் திருகினேன். ரிப் உடையவில்லை. ஆனாலும் துளையின் ஓரம் நசுங்கி உள்ளே மடிந்திருந்தது, மறுபக்கத்தில் நார்கள் உதடு போலப் பிதுங்கி நின்றன. குழாய்க்குள் சிக்கிய வில்லை மட்டும் நாணயம் போல அத்தனை சுத்தமாக இருந்தது. எனக்கு வேண்டியது வில்லை அல்லவே! இதில் நான் செய்த பிழை எது என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அண்ணா, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். வெளிப்பக்கம் சரிவாகத் தேய்த்தால் கூர்முனை குழாயின் உள்விட்டத்தில் அமையும், அதனால் வில்லை சுத்தமாக வரும். குழாயின் சுவர்க் கனம் முழுவதும் ஆப்பு போலத் துளையின் ஓரத்தை நெருக்குவதால், அந்த ஓரம் நசுங்கியே தீரும். உள்பக்கம் சரிவாகத் தேய்த்துப் பாருங்கள். கூர்முனை வெளிவிட்டத்துக்கு வந்துவிடும், நசுங்குவதெல்லாம் நாம் எறியப்போகும் வில்லையாகவே இருக்கும். தடித்த குச்சியின் நுனியைக் கூம்பாகச் சீவி, அதில் 400 எண் உப்புத்தாளைச் சுற்றி, குழாயின் வாய்க்குள் விட்டு மெதுவாகச் சுழற்றினால் போதும். வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிசிறை மட்டும் தாளைத் தட்டையாக வைத்து ஒருமுறை நீக்கிவிடுங்கள்.

2023ஆம் ஆண்டில் மின்வெட்டு எங்களை ஆட்டிப்படைத்தபோது, மாலை வேளையில் டிரில்லை நம்பி எந்த வேலையையும் தொடங்க முடியவில்லை. அப்போதுதான் நான் முழுக்கக் கைக்கருவிக்கு மாறினேன். தாத்தா ரேடியோ லோட்டஸில் தமிழ் நிகழ்ச்சி கேட்ட பழைய வானொலிப் பெட்டி ஒன்று பரணில் கிடந்தது. அதன் இழுத்து நீட்டும் ஏரியலைப் பிரித்தபோது, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஐந்தாறு அளவுக் குழாய்கள் கிடைத்தன. சிறு துளைகளுக்கு இன்றும் அவைதான். (பெட்டியைத் தொட்டதற்கு ஆயா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.)

திருகும் முறையிலும் கவனம் வேண்டும். வட்டத் துளையின் ஓரம் முழுவதும் ஒரே மாதிரியான மரம் அல்ல. இரண்டு இடங்களில் கூர்முனை நாரின் போக்கிலேயே செல்கிறது, அங்கே அழுத்தினால் மரம் பிளக்கும். வேறு இரண்டு இடங்களில் அது நாரைக் குறுக்கே அறுக்க வேண்டும், அங்கே கூர் மழுங்கியிருந்தால் மரம் நசுங்கும். ஆகவே கீழ்நோக்கி அமுக்காமல், கால் சுற்று வலமும் கால் சுற்று இடமுமாக, குழாயின் எடையோடு விரலின் எடையும் சேர்ந்தால் போதும் என்னும் அளவில் திருகுங்கள். முதலில் மையத்தில் ஒரு குண்டூசியால் மறுபக்கம் வரை குத்திவிட்டால், பாதி ஆழம் வந்ததும் ரிப்பைத் திருப்பி அந்தப் புள்ளியைக் கொண்டே மறுபக்கத்திலிருந்து வெட்டலாம். இரு பக்கமும் கூர்முனை உள்ளே நுழையும் பக்கமாகவே இருப்பதால் பிதுங்கல் என்பதே வராது. அடியில் ஒரு கழிவு பால்சாத் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். நான்கைந்து துளைகளுக்கு ஒருமுறை உப்புத்தாளில் வாயைத் தீட்டுங்கள். பால்சா மென்மையானதுதானே என்று மழுங்கிய கருவியோடு போகிறவர்கள்தான் அதிகம். உண்மையில் மரம் எவ்வளவு மென்மையோ அவ்வளவு கூர் வேண்டும், ஏனென்றால் அறுபடும் வரை எதிர்த்து நிற்கும் பலம் அந்த நார்களுக்குக் கிடையாது.

டோங்காட்

நான் குறுக்கு வழி தேடிக் கெட்டவன். சூடான சால்டரிங் அயர்னால் குத்தினால் நொடியில் துளை விழும் என்று யாரோ சொன்னதை நம்பினேன். துளை விழுந்தது உண்மைதான். எடுத்த பிறகும் ஓரம் கனன்று கொண்டே இருந்ததால், 6 மில்லிமீட்டராகத் தொடங்கியது கண்ணெதிரே 9 மில்லிமீட்டராகிவிட்டது. கரியான ஓரத்தில் பசையும் ஒட்டவில்லை. எங்கள் ஊரில் அறுவடைக்கு முன் கரும்புக் கொல்லையைக் கொளுத்தும் வாசனை எல்லோருக்கும் பழக்கம். சமையலறையிலிருந்து வந்த மனைவி, கொல்லையை வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்துவிட்டீர்களா என்று கேட்டாள். அதோடு விட்டேன்.

லெனேசியா, ஜொஹானஸ்பர்க்

துளை ஏன் 10 மில்லிமீட்டராக இருக்க வேண்டும் என்பதே என் கேள்வி. இறக்கையின் நுனிப்பக்க ரிப்புகளின் உயரம் 25 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது, அதில் 10 மில்லிமீட்டரை எடுத்துவிட்டால் மேலும் கீழும் மிஞ்சுவது மிகச் சொற்பம். நான் பிளக்கைக் கழற்றிவிடுகிறேன். அதன் கறுப்பு உறையின் ஒரு பக்கத்தில் மூன்று சிறிய பிளாஸ்டிக் நாக்குகள் உண்டு. ஊசி முனையால் ஒவ்வொன்றையும் மயிரிழை அளவுக்குத் தூக்கினால், உலோக முனையோடு ஒயர் தானாக வெளியே வழுக்கி வரும். மூன்று முனைகளையும் முன்பின்னாக அடுக்கி நூலால் கட்டி இழுத்தால், 5 மில்லிமீட்டர் துளையே தாராளம். திரும்ப மாட்டும்போது சிவப்பு ஒயர் நடுவில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். ஓரத்து ஒயர்கள் இரண்டும் இடம் மாறினால் சர்வோ அசையாது, அவ்வளவுதான். சிவப்பு இடம் மாறினால் கருவியே கருகிப்போகலாம்.

இன்னொன்று: ரிப்புக்குப் பெரும்பாலும் நாம் எடுப்பது சி வகை வெட்டுப் பலகை, அதாவது மேற்பரப்பில் மினுமினுப்பான புள்ளிகள் தெரியும் பலகை. அது விறைப்பானது, வளைத்தால் சட்டென்று பிளக்கும். துளையிடும் இடத்தில் நீர் போன்ற சயனோஅக்ரிலேட் பசையை ஒரு சொட்டு விட்டுக் காயவிட்டு வெட்டினால், நார்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கூர் சீக்கிரம் மழுங்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

மீண்டும் சாட்ஸ்வர்த்

பிளக்கைக் கழற்றும் யோசனை நல்லதுதான், ஆனால் என் கண்ணுக்கு அந்த நாக்குகள் இப்போது தெரிவதில்லை. அதனால் நடுப்பக்க ரிப்புகளில் பெரிய துளையே போட முடிவு செய்தேன். முன்பு வாங்கியதற்கு ஓர் அளவு குறைந்த, 10 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும் குழாயை எடுத்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் தம்பி சொன்னவாறு உள்பக்கம் தீட்டினேன். முதல் துளையை முடித்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு நாரும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை, விரலை விட்டுத் தடவினால் கண்ணாடிக் குவளையின் வாய் போல இருந்தது. ரிப்பின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் நடுவில், ஸ்பாரிலிருந்து ஒரு விரல் அகலம் தள்ளி ஒவ்வொன்றையும் குறித்தேன். இறக்கை வளையும்போது இழுவையும் அழுத்தமும் மேல், கீழ் ஓரங்களில்தான் மிகுதி என்பதால், நடுவில் எடுத்தால் நட்டம் குறைவு. தாளைச் சுருட்டிப் பசையிட்டு ஒரு குழலாக்கி, துளைகளின் ஊடே செருகினேன். இனி ஒயரை எப்போது மாற்ற வேண்டியிருந்தாலும் மேலுறையைக் கிழிக்காமல் இழுத்துவிடலாம்.

ஐந்தாவது ரிப்பில் மட்டும் குறி தவறி, துளை ஸ்பார் வெட்டை ஒட்டி விழுந்துவிட்டது. புதிய ரிப் வெட்டச் சோம்பலாக இருந்த வேளையில், எனக்கு அந்த நாணயம் போன்ற வில்லைகளின் நினைவு வந்தது. இந்தக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைபவை. ஆகவே பெரிய குழாயின் உள்விட்டமும் சிறிய குழாய் போட்ட துளையும் அநேகமாக ஒரே அளவு. நான் தவறாக வெளிப்பக்கம் தீட்டிய அதே 11 மில்லிமீட்டர் குழாயால் கழிவுப் பலகையில் ஒரு வில்லையை வெட்டி, அதன் நாரை ரிப்பின் நாரோடு ஒரே திசைக்குத் திருப்பி, பசை தடவித் துளையில் அழுத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. காய்ந்த பிறகு உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. இப்போது பேரன் அந்த ரிப்பை வெளிச்சத்தில் பிடித்தபடி, அடைத்த இடம் எது என்று தேடிக்கொண்டிருக்கிறான்.