வேலூர் 41, சென்னை 36: எந்த வெயில் கொடுமை?

கடலோரன்:
கத்திரி முடியும்வரை இங்கே இருக்கட்டும் என்று போன வாரம் அம்மாவை வேலூரிலிருந்து திருவொற்றியூருக்கு அழைத்து வந்தேன். அங்கே 41 டிகிரி, இங்கே 36. ஐந்து டிகிரி குறைவு, நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தேன். மூன்றாம் நாளே, "என்னை ஊர்லயே கொண்டுபோய் விட்டுடுப்பா, இங்க மூச்சு முட்டுது" என்கிறார். ராத்திரியெல்லாம் முந்தானையால் கழுத்தைத் துடைத்தபடி கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். செல்போனில் பார்த்தால் ஈரப்பதம் காலை 29 டிகிரியில் 84 சதவீதம், மதியம் 36 டிகிரியில் 57 சதவீதம். மதியம்தான் ஈரம் குறைந்துவிடுகிறதே, அப்புறமும் ஏன் இந்தப் புழுக்கம்? ஏர் கூலர் வாங்கினால் சரியாகுமா?

பானைத்தண்ணீர்:
கூலர் வாங்காதீர்கள், காரணம் பிறகு சொல்கிறேன். முதலில் அந்த 84, 57 கணக்கு. காற்றில் ஈரம் குறையவே இல்லை. சூடான காற்றுக்கு ஈரத்தைத் தாங்கும் அளவு அதிகம், அதனால் சதவீதம் மட்டும் இறங்குகிறது. பள்ளியில் பனிநிலை என்று படித்திருப்போம், டியூ பாயிண்ட். காற்றை எந்த அளவுக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்குமோ, அந்த வெப்பநிலை. நீங்கள் சொன்ன இரண்டு நேரத்துக்கும் கணக்குப் போட்டால் பனிநிலை 26 டிகிரிதான் வருகிறது. காலையிலும் மதியமும் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீராவி.

வேலூரில் 41 டிகிரியில் 25 சதவீதம் என்றால் பனிநிலை 17, நீராவி 13 கிராம். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், வழிந்து ஓடினால் ஒரு பயனும் இல்லை. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அது காயும் வேகத்தை முடிவு செய்வது, ஈரமான தோலுக்கும் காற்றுக்கும் இடையிலுள்ள நீராவி அழுத்த வித்தியாசம். அந்த வித்தியாசம் உங்கள் ஊரைவிட வேலூரில் ஒன்றரை மடங்குக்கும் மேல். அம்மா சொல்வது சரிதான்.

இரவுக்கும் இதே கணக்குதான். வெப்பம் இறங்கிக்கொண்டே வந்து பனிநிலையை நெருங்கியதும் அநேகமாக நின்றுவிடும். 26 பனிநிலை உள்ள ஊரில் விடியற்காலை 22 டிகிரியை எதிர்பார்க்கவே முடியாது.

வேலூர்க்காரன்:
பானைத்தண்ணீர் அண்ணே, கணக்கு சரி. ஆனால் "வேலூர் வெயில் பரவாயில்லை" என்று படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அதுதான் எனக்குப் பயம். நான் இருபது வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். இங்கே வியர்ப்பதே தெரியாது. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புக்கோடு படிந்த பிறகுதான் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்று புரியும். புழுக்கத்தில் உடம்பு எச்சரிக்கும், வறண்ட வெயிலில் எச்சரிக்காது. கூட வேலை செய்த பெரியவர் ஒருவர் மதியம் இரண்டு மணிக்கு சாரத்திலிருந்து இறங்கி, "லேசா தலை சுத்துது" என்றார். ஐந்து நிமிடத்தில் பேச்சு குழறிவிட்டது.

இன்னொன்று. தோலின் சூடு 35 டிகிரி. 41 டிகிரி காற்று பட்டால் வெப்பம் உடம்புக்குள் ஏறும். 40-க்கு மேல் மின்விசிறி உடம்பைச் சூடாக்கும் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. சென்னையில் 36-ல் ஃபேன் போட்டால் கொஞ்சமாவது உதவும்.

பானைத்தண்ணீர்:
வேலூரில் ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. கேள்வி புழுக்கத்தைப் பற்றியது. ஆனால் ஆபத்து என்றாலும் வெப்பமானியை மட்டும் பார்ப்பது தப்பு. இந்திய வானிலைத் துறை வெப்ப அலை என்று அறிவிக்க சமவெளியில் குறைந்தது 40 டிகிரி வேண்டும், கடலோரத்தில் 37 போதும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருந்தால். மூன்று டிகிரி சலுகை எதற்கு? கடலோரக் காற்றிலுள்ள ஈரத்துக்காகத்தானே? சூடும் ஈரமும் சேர்ந்து உடம்புக்கு எத்தனை டிகிரி போல உறைக்கும் என்று சொல்லும் அமெரிக்க வானிலைச் சேவையின் வெப்பக் குறியீட்டில் போட்டால் 36 டிகிரி, 57 சதவீதம் என்பது 46 போல உறைக்கும். 41 டிகிரி, 25 சதவீதம் 43 போல.

வேலூர்க்காரன்:
அந்தக் குறியீடு நிழலில் நிற்பவனுக்குப் போட்டது. வெயிலில் கான்கிரீட் போடுகிறவனுக்கு 43 என்று சொல்லாதீர்கள். தளத்திலிருந்து எழும் அனலை எந்தக் குறியீட்டில் சேர்ப்பீர்கள்?

தம்மாம் தமிழன்:
நான் இங்கே சவுதி அரேபியாவில் இரண்டு வெயிலையும் பார்த்தவன். ஜூன், ஜூலையில் வடக்கிலிருந்து ஷமால் காற்று அடித்தால் 46 டிகிரி இருக்கும், புழுதியும் இருக்கும், ஆனால் நிழலுக்கு வந்தால் மூச்சு விடலாம். ஆகஸ்டில் கடல் பக்கமிருந்து காற்று திரும்பினால் 38 டிகிரிதான், ஆனால் ஏசி அறையிலிருந்து கதவைத் திறந்ததும் கண்ணாடியில் பனி படர்ந்து எதிரே யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. பக்கத்து ஊர் தஹ்ரானில் 2003 ஜூலை 8 அன்று பனிநிலை 35 டிகிரி பதிவானது. யோசித்துப் பாருங்கள், தோலின் சூடும் 35. அந்தக் காற்றில் வியர்வை எப்படிக் காயும்?

ஆனால் வேலூர்க்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை செய்ய அரசுத் தடை. காற்று வறண்டதா ஈரமானதா என்று அந்தத் தடை பார்ப்பதில்லை.

கடலோரன்:
கூலர் ஏன் வேண்டாம் என்று சொல்லவே இல்லையே?

பானைத்தண்ணீர்:
மன்னிக்கவும். கூலர் செய்வது மண்பானை செய்யும் வேலைதான். நீர் ஆவியாகி, அந்தக் குளிர்ச்சியில் காற்று குளிர்கிறது. வேலூரில் பானைத் தண்ணீர் 25 டிகிரி வரை இறங்கும். திருவொற்றியூரில் 28-க்குக் கீழே போகாது. அம்மாவைக் கேளுங்கள், "இங்க பானைத் தண்ணி ஜில்லுனு இல்ல" என்பார். மூடிய அறையில் கூலர் போட்டால் காற்றில் இருக்கிற ஈரத்தோடு இன்னும் கொஞ்சம் சேரும், அவ்வளவுதான். ஏசி வேறு. அது ஈரத்தைப் பிடித்து வெளியே ஊற்றுகிறது. ஏசி குழாய்க்குக் கீழே ஒரு வாளி வைத்துப் பாருங்கள், ராத்திரியில் எவ்வளவு நிறைகிறது என்று.

நம்பவில்லை என்றால் சில்வர் டம்ளரில் அறைச்சூட்டுத் தண்ணீர் ஊற்றி, ஐஸ் துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுக் கலக்குங்கள். வெளிப்பக்கம் லேசாக மங்கும் கணத்தில் உள்ளே வெப்பமானி காட்டுவதுதான் பனிநிலை.

கடலோரன்:
நேற்று இரவு பத்து மணிக்குச் செய்து பார்த்தேன். இரண்டாவது துண்டு கரைவதற்குள் டம்ளர் மங்கிவிட்டது. 26-க்கு ஒரு கோடு மேலே. அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். டம்ளரை விரலால் தடவிவிட்டு, "இதுதான் என் கழுத்துல நிக்குதா" என்று கேட்டார். ஏசியை 27-ல் வைத்து ஃபேனும் போட்டோம். விடியும்வரை தூங்கினார்.

வேலூர்க்காரன்:
நல்லது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு அனுப்புவதாக இருந்தால் காலை வண்டியில் அனுப்புங்கள், மதியம் பேருந்து நிலையத்தில் நிற்கக் கூடாது. கையில் உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில் கொடுத்துவிடுங்கள். தாகம் எடுக்கவில்லை என்று சொன்னாலும் குடிக்கச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.