அத்தைக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாடகை வீடு: பழைய வீட்டை விற்று 14 மாதம்தான், மகனும் இருக்கிறார். விண்ணப்பிக்கலாமா?

யீஷூன் மருமகள்:
வணக்கம். அப்பாவின் அக்காவுக்காகக் கேட்கிறேன். அத்தைக்கு 61 வயது, சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ளவர். மாமா காலமானதும் கடனை அடைக்க 4 அறை வீட்டை விற்க வேண்டியதாகிவிட்டது. சாவியைக் கொடுத்து 14 மாதம் ஆகிறது. கடன் போக மிஞ்சியது கொஞ்சம்தான்.

இப்போது உட்லண்ட்ஸில் ஒரு தோழி வீட்டுக் கூடத்தில் படுக்கிறார். காலை ஐந்தரைக்கே எழுந்து மெத்தையைச் சுருட்டித் தையல் மெஷினுக்குப் பின்னால் வைத்துவிட வேண்டும், அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரம். உணவங்காடி நிலையத்தில் பகுதி நேரமாகத் தட்டு கழுவுகிறார். மாதம் 1,050 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

மகன் ஒருவர் இருக்கிறார். சொந்த வீடு. ஆனால் மாமா இறுதிச் சடங்கிலிருந்து பேச்சு இல்லை. வாடகை வீட்டுக்குப் படிவம் நிரப்ப உட்கார்ந்தேன், வீடு விற்ற தேதியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. யாராவது வழி சொல்லுங்கள்.

பூன் லே அங்கிள்:
கவலைப்படாதீங்கம்மா. வருமான வரம்பு 1,500 வெள்ளி, அத்தை அதற்குள் இருக்கிறார். குடியுரிமையும் சரி. மாதம் 26 வெள்ளிக்கு ஓரறை வீடு கிடைக்கும்.

மக்கள் சந்திப்புத் தொண்டர்:
அங்கிள், 26 வெள்ளி இவருக்குப் பொருந்தாது. 26லிருந்து 33 வரை என்பது முதல்முறை விண்ணப்பிப்பவருக்கு, அதுவும் வருமானம் 800 வெள்ளிக்குள் இருந்தால். அத்தை ஏற்கெனவே வீவகவிடம் சலுகை விலையில் வீடு வாங்கியவர் என்றால் இரண்டாம் முறை விண்ணப்பதாரர். 801லிருந்து 1,500 வெள்ளி வரை வருமானம் உள்ள இரண்டாம் முறையினருக்கு ஓரறை வீடு 150லிருந்து 205, ஈரறை வீடு 205லிருந்து 275. வெளியில் ஓர் அறை எடுப்பதோடு ஒப்பிட்டால் இதுவும் பெரிய உதவிதான். ஆனால் 26 என்று அத்தையிடம் சொல்லி வைக்காதீர்கள், பிறகு மனம் உடைந்துவிடும்.

இனி உங்கள் கேள்வி. வீட்டை விற்றவர் 30 மாதம் காத்திருக்க வேண்டும் என்பது விதி. 14 போனால் 16 மாதம் பாக்கி. அத்தோடு, பிள்ளைகள் வைத்துப் பார்க்க முடியுமா என்றும் பார்ப்பார்கள். இரண்டுமே அத்தைக்கு எதிராகத்தான் நிற்கின்றன, மறைத்துச் சொல்வதில் பயனில்லை. அதே சமயம், வேறு போக்கிடம் இல்லாதவர்களுக்கு வீவக ஒவ்வொருவர் நிலையையும் தனியாகப் பார்த்து முடிவெடுப்பதும் உண்டு. அப்படிப் பார்க்க வேண்டுமானால் அவர்கள் கையில் எழுத்து வேண்டும்.

அதனால் முதலில் உட்லண்ட்ஸில் உள்ள குடும்பச் சேவை நிலையத்துக்குப் போங்கள். சமூக ஊழியர் எழுதும் அறிக்கைதான் இங்கே உயிர்நாடி. மகனோடு ஏன் இருக்க முடியாது, எப்போதிலிருந்து, சமாதானத்துக்கு யார் முயன்றார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அதன் பிறகு தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போய் முறையீட்டுக் கடிதம் கேளுங்கள். அறிக்கை இல்லாமல் கடிதம் மட்டும் போனால் கனமில்லாமல் போகிறது, பலமுறை பார்த்திருக்கிறேன். மாமாவின் இறப்புச் சான்றிதழ், வீடு விற்று முடிந்த கடிதம், கடன் அடைத்த ரசீதுகள், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். பணம் எங்கே போனது என்ற கேள்வி கட்டாயம் வரும்.

யீஷூன் மருமகள்:
மிக்க நன்றி. ரசீதெல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருக்கிறார். இன்னொன்று: ஒருவர் 800 வெள்ளி கொடுத்தால் வரிசையில் முன்னால் கொண்டுவந்து விடுவேன் என்கிறார். அத்தை கொடுக்கத் தயாராக இருக்கிறார்.

மக்கள் சந்திப்புத் தொண்டர்:
ஒரு காசு கொடுக்கக் கூடாது! அப்படி யாராலும் முடியாது. அந்த ஆள் அனுப்பிய செய்திகளை அழிக்காமல் வைத்திருந்து காவல்துறையிடம் புகார் கொடுங்கள்.

ஓரறைவாசி:
அக்கா, நானும் தனியாள். வயது 57. வேறொரு ஒற்றையரோடு சேர்ந்து வாடகை வீட்டில் இருக்கிறேன். முன்பெல்லாம் கூட இருக்க ஆளை நாமே தேடிக்கொண்டு வர வேண்டும், அதுதான் பெரிய தலைவலி. 2021 கடைசியில் தொடங்கிய முன்னோடித் திட்டத்தில் தனியாகவே விண்ணப்பிக்கலாம், பொருத்தமான ஆளோடு சேர்த்து வைக்கும் வேலையை, அந்த வீடுகளை வீவகவுக்காக நடத்தும் நடத்துநரே பார்த்துக்கொள்கிறார். கணவரை இழந்தவர்களும் ஒற்றையர் கணக்கில்தான் வருவார்கள். புக்கிட் பாத்தோக்கில் ஆளுக்கொரு அறை, குளியலறையும் சமையலறையும் பொது என்ற ஏற்பாடும் வந்திருக்கிறது.

எனக்கு முதல் இரண்டு மாதம் கஷ்டம்தான். அவர் இரவு பதினொன்றுக்கு வானொலி போடுவார், எனக்கு நாலரைக்கு வேலை. நடத்துநரின் ஆள் வந்து இருவரையும் உட்கார வைத்துப் பேசினார், சரியாகிவிட்டது. குளிர்பெட்டியில் மேல் தட்டு எனக்கு, கீழ்த் தட்டு அவருக்கு என்று கோடு போட்டுக்கொண்டோம். அத்தை சைவமா என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணக்கு வாத்தியார்:
அத்தையின் மசே நிதி (மத்திய சேம நிதி) கணக்கை ஒருமுறை பாருங்கள். வீடு வாங்க எடுத்த பணம் விற்றபோது வட்டியோடு அங்கே திரும்பியிருக்கும். 55 வயது தாண்டியவர்கள் வீவகவின் ‘ஈரறை ஃபிளெக்ஸி’ என்ற சிறிய வீட்டைக் குறுகிய குத்தகைக்கு வாங்கலாம், 15லிருந்து 45 ஆண்டுகள் வரை, ஐந்து ஐந்தாகக் கூடும். வாங்குபவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை இருக்க வேண்டும். அத்தைக்கு 34 ஆண்டு தேவை, ஆக 35 ஆண்டுக் குத்தகை. வீட்டுக் கடன் கிடையாது, முழுத் தொகையும் ரொக்கமாகவோ மசே நிதியிலிருந்தோ கட்ட வேண்டும். பணம் போதாது என்றால் இந்த வழி இல்லை, ஆனால் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

மக்கள் சந்திப்புத் தொண்டர்:
நல்ல யோசனை. இடையில் தோழி வீட்டிலும் இருக்க முடியாமல் போனால், சமூக ஊழியர் மூலம் இடைக்காலத் தங்குமிடம் கேட்கலாம். கைச்செலவுக்கு, அரசின் நிதியுதவித் திட்டமான காம்கேர் உதவி எண் 1800-222-0000.

யீஷூன் மருமகள்:
வெள்ளிக்கிழமை மாலை குடும்பச் சேவை நிலையத்தில் நேரம் கிடைத்துவிட்டது, நானும் கூடப் போகிறேன். மசே நிதிக் கணக்கையும் இன்று சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளுக்கான அடையாளக் கணக்கு) வழியாகப் பார்த்தோம். 35 ஆண்டுக் குத்தகைக்குப் போதாது. அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அவங்க என் பையனுக்கு ஃபோன் போடுவாங்களா?”

மக்கள் சந்திப்புத் தொண்டர்:
போட்டாலும் போடலாம். அத்தைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்பதைப் பேச்சின் தொடக்கத்திலேயே சமூக ஊழியரிடம் சொல்லிவிடுங்கள். எப்படிப் பேசுவது என்று அவர்கள் அத்தையைக் கேட்டுக்கொண்டு செய்வார்கள். அந்தப் பிஸ்கட் டின்னை மறக்காமல் எடுத்துப் போங்கள்.