பிரிட்டன் கடலோரக் கேம்பிங்: மனசுல தங்கிப்போன ஒரு சந்திப்பைச் சொல்லுங்க

ஸ்லவ்வாசி

வேல்ஸ்ல கவர் தீபகற்பத்து ரோசிலிக்குப் போனவங்களுக்கு, கடல் வத்தினா மட்டும் நடந்து போக முடியுற வார்ம்ஸ் ஹெட் தீவு பத்தி விளக்கத் தேவையில்ல. கூடாரம் லாங்கெனித் மணல்மேட்டுக்குப் பின்னாடி. காலைல கடற்கரையோடயே நடந்து, 1887ல கரைதட்டின ஹெல்வெட்டியா கப்பலோட மரவிலா எலும்பெல்லாம் பார்த்துட்டு, கடல் வத்தியிருக்கும்போதே பாறையைத் தாண்டி தீவுக்குப் போய் நேரத்தோட திரும்பிட்டோம். சொல்ல வந்தது அது இல்ல.

கரைப்பக்கம் பாறை முடியுற இடத்துல உக்காந்து ஷூவைக் கழட்டிட்டிருக்கோம். ஒருத்தர் தோள்ல சின்னப் பொண்ணைத் தூக்கி வச்சுக்கிட்டு, பின்னால ஒரு பையன், தீவைப் பார்த்துப் போறாங்க. தாண்டுறதுக்கு அன்னிக்குக் குறிச்ச நேரம் முடியப் போகுது. "ஸ்டாப், டைட் இஸ் கமிங்"னு கத்தினேன். அவர் திரும்பிப் பார்த்தார். சிரிச்சார். வணக்கம் சொல்ற மாதிரி கையைத் தூக்கிட்டு மறுபடியும் நடந்தார். காத்து கடல்லேர்ந்து எங்க பக்கம் அடிக்குது, நாங்க கத்துறது அவருக்குப் போகல. ஆனா அவர் பேசுறது எங்களுக்குக் கேட்டுச்சு. "டேய், பாசி இருக்கு, ஓரமா வாடா." தமிழ்!

என் மனைவி ரெண்டு கையையும் வாயில குவிச்சு, "அண்ணே! தண்ணி ஏறுதுண்ணே! திரும்புங்க!"ன்னு ஒரு சத்தம் போட்டா. அந்த மனுஷன் அப்படியே நின்னுட்டார். திரும்பி வர வர ரெண்டு பக்கமும் பாறை இடுக்குல தண்ணி ஓட ஆரம்பிச்சிருச்சு. எல்லாரும் நினைக்கிற மாதிரி அலை முன்னாலேர்ந்து வராது. பக்கவாட்டுல, சத்தமில்லாம நிரம்பும். கடைசிப் பள்ளத்தைத் தாண்டும்போது பையனுக்கு முழங்கால் வரைக்கும். மேல கோஸ்ட்வாட்ச் (கடலோரத்தைக் கண்காணிக்கிற தன்னார்வலர்கள்) குடில்ல இருந்தவர் ஒரு கையில பைனாகுலர், ஒரு கையில வயர்லெஸ்னு நின்னுட்டிருந்தார்னு அப்புறம்தான் பார்த்தோம்.

சாயங்காலம் பப்ல அந்தக் குடும்பமும் இருந்தது. அவர் எழுந்து வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை மணிக்கு மூடும்னு எழுதிப் போட்டிருந்துச்சா?" இருந்துச்சுன்னேன். தலையை ஆட்டிட்டுப் போய்ப் பொண்ணு பக்கத்துல உக்காந்துட்டார். அந்தக் கேள்வி என்னை விடமாட்டேங்குது. உங்களுக்கும் அப்படி ஏதாவது இருந்தா எழுதுங்க.

மதுரக்காரி

படிக்கும்போதே பகீர்னு இருந்துச்சு. உங்க மனைவிக்கு என் வணக்கம்.

என்னோடது நல்ல சந்திப்பு. டோர்செட், வொர்த் மேட்ராவர்ஸ் கிராமம், ஸ்கொயர் அண்ட் காம்பஸ்னு ஒரு பப். டான்சிங் லெட்ஜ்ங்கிற கடலோரப் பாறைத்தட்டு வரைக்கும் நடந்துட்டு வந்தா அங்க போகாம யாரும் கூடாரத்துக்குத் திரும்ப மாட்டாங்க. ஊர்லேர்ந்து வந்திருந்த அம்மாவையும் கூட்டிட்டுப் போனோம். "சாராயக்கடைக்கா என்னைக் கூட்டிட்டு வந்தே"ன்னு வாசல்லயே நின்னுட்டாங்க. வெளிய கல்லு மேசையில குழந்தைகள், நாய்கள், பாட்டிமார் எல்லாம் உக்காந்திருக்கிறதைப் பார்த்தப்புறம்தான் உள்ள வந்தாங்க. அங்க பார் கவுன்ட்டர் கிடையாது, சுவத்துல ஒரு சின்னத் திறப்பு, அதுவழியாத்தான் பேஸ்ட்டியும் சைடரும் தருவாங்க. வரிசையில நிக்கணும்.

நான் வரிசையில நிக்கும்போது அம்மா பக்கத்து அறைக்குப் போயிட்டாங்க. அங்க ஒரு குட்டி மியூசியம் இருக்கு, அந்தக் கரையில கிடைச்ச புதைபடிவங்கள். திரும்பிப் பார்த்தா அம்மா செருப்பைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, கண்ணாடிப் பெட்டி முன்னால கை கூப்பி நிக்கிறாங்க. உள்ள அமோனைட், எப்பவோ அழிஞ்சுபோன கடல் உயிரோட சுருள் ஓடு கல்லானது. "சாளக்கிராமம்டீ"ன்னாங்க. எங்க தாத்தா வீட்டுப் பூஜையில இருந்தது நேபாளத்துக் கண்டகி ஆத்துக் கல்லு, அதுவும் இதே அமோனைட்தான். சக்கரம் மாதிரி சுருண்ட அந்த வரிவரியான கோட்டை அம்மாவுக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும்.

பக்கத்துல நின்ன ஒரு பெரியவர், வேலைக்குப் போடுற பூட்ஸ், கையில பாதி கிளாஸ் சைடர், என்ன விஷயம்னு கேட்டார். நான் சொன்னேன். அவர் தொப்பியைக் கழட்டிட்டு அம்மா பக்கத்துல கொஞ்ச நேரம் பேசாம நின்னார். அம்மா ஊருக்குப் போனப்புறம் போன்ல பேசும்போதெல்லாம் "அந்தத் தொப்பிக்காரர் நல்லா இருக்காரா"ன்னு கேக்குறாங்க. அவர் பேர்கூட எனக்குத் தெரியாது.

கடலோடி

ஸ்லவ்வாசி, அந்த அண்ணனுக்காக நீங்க வருத்தப்படுறது புரியுது. ஆனா அங்க நேரம் எழுதிப் போட்டிருக்கு, கோஸ்ட்வாட்ச் ஆட்கள் கேட்டா சொல்றாங்க. பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போற ஒருத்தர் அதைப் பார்க்காமப் போனதை நான் லேசா எடுத்துக்க மாட்டேன்.

நான் தூத்துக்குடிக்காரன், கடல் தெரியும்னு நினைச்சு வளர்ந்தவன். வேல்ஸ்ல பென்டைன் கடற்கரை பக்கம் ஒரு குகைக்குள்ள போட்டோ எடுத்துட்டிருந்தப்போ நாயோட வந்த ஒரு பொம்பளை, "அவுட், நவ்"ன்னு ரெண்டே வார்த்தை சொன்னாங்க. வெளிய வந்தப்போ நான் போன வழி தண்ணிக்குள்ள இருந்தது. அவ்வளவுதான் என் கதை.

நம்மாளுங்க ஏமாறுறதுக்குக் காரணம் இருக்கு. தூத்துக்குடியில கடல் ஏறுறதும் வத்துறதும் ஒரு மீட்டருக்கு உள்ளதான். கரையில துண்டை வச்சா வச்ச இடத்துல இருக்கும். கவர் பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி எட்டு மீட்டரைத் தாண்டும். பிரிஸ்டல் கால்வாய் புனல் மாதிரி குறுகிக்கிட்டே போறதால உள்ள போகப் போக இன்னும் உயரும். ரெண்டு மாடி உயரம் ஆறு மணி நேரத்துல ஏறுது. அதுவும் சீரா ஏறாது. முதல் மணியில மொத்தத்துல 12ல 1 பங்கு, ரெண்டாவதுல 2, மூணாவதுலயும் நாலாவதுலயும் 3 பங்கு, அப்புறம் 2, கடைசியில 1. முதல் ஒரு மணி நேரத்தைப் பார்த்து "மெதுவாத்தானே வருது"ன்னு நினைக்கிறவங்கதான் மூணாவது மணியில மாட்டுறாங்க.

இன்னொண்ணு. அச்சடிச்ச டைட் டேபிள் (கடல் ஏறி வத்துற நேர அட்டவணை) பலதும் ஜிஎம்டி, அதாவது குளிர்கால நேரத்துல இருக்கும். கோடையில ஒரு மணி நேரம் கூட்டிக்கணும். எந்த நேரத்துல போட்டிருக்குன்னு அட்டையில பார்த்துட்டு அப்புறம் நம்புங்க. வார்ம்ஸ் ஹெட்டுக்குக் கணக்கு, கடல் அடிமட்டத்துக்கு வத்துற நேரத்துக்கு முன்னால இரண்டரை மணி, பின்னால இரண்டரை மணி. அதுக்குள்ள போய்த் திரும்பியும் வந்துடணும். போறதுக்கு மட்டும்னு கணக்குப் போடாதீங்க. தீவுல மாட்டிக்கிட்டா நீந்தியோ நடந்தோ வரப் பார்க்கக் கூடாது, அங்க இழுப்பு பயங்கரம். மேடான இடத்துல உக்காந்து அடுத்த வத்தம் வரைக்கும் காத்திருங்க. ஆபத்துன்னா 999, கோஸ்ட்கார்டுன்னு கேக்கணும். போலீஸ்னு கேட்டா நேரம் வீணாகும்.

அப்புறம் கடலோர பப்ல மத்தியானம் சாப்பிடும்போது, பில் போடுறவங்ககிட்ட "இன்னிக்கு இந்தப் பக்கம் நடக்கலாமா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. எந்த ஆப்பைவிடவும் அவங்களுக்குத் தெரியும்.

பருத்தித்துறைப் பெண்

கடலோடி அண்ணா சொன்னது சரிதான். ஆனால் பிள்ளையள் தண்ணிக்குள்ள நிண்ட நேரத்தில அந்தத் தகப்பனுக்கு என்ன இருந்திருக்கும் எண்டு கொஞ்சம் யோசியுங்கோ. கடற்கரையில பிறந்த நாங்களும் இந்தக் கடலுக்குப் புதுசுதான்.

நாங்கள் வேல்ஸில பெம்புரோக்ஷயரில, அபரெய்டிக்குக் கிட்ட ஒரு பண்ணையில கூடாரம் போட்டிருந்தம். பகலெல்லாம் வெய்யில். பழைய சிலேட்டுக் குவாரிக்குள்ள கடல் வந்த அந்த நீல லகூனைப் பார்த்து, பாதையால போர்த்கெய்ன் வரைக்கும் நடந்து, துறைமுகத்துக்குப் பக்கத்தில அந்தப் பெரிய செங்கல் தொட்டியளையும் பார்த்து, ஸ்லூப் இன்னில மீனும் சிப்ஸும் சாப்பிட்டிட்டு வந்தம். பின்னேரம் பக்கத்துக் கூடாரத்து வயசான சோடிக்கு நான் கொஞ்சம் புட்டும் சம்பலும் குடுத்தன். அந்த அம்மா சம்பலை விரலால தொட்டு வாயில வைச்சிட்டு, ஒண்டும் சொல்லாமல் தட்டை முழுக்க முடிச்சா.

இரவு காத்து மாறினது. கூடாரத்தின்ர தடி ஒண்டு முறிஞ்சு துணி முகத்தில அடிக்குது, சின்னவன் கத்துறான், இவர் வெளியில கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அப்ப மழைக்குள்ள ரெண்டு தலைவிளக்கு வந்தது. அந்த ஐயா முழங்காலில இருந்து ஆணியெல்லாத்தையும் கழற்றிச் சாய்வாகத் திரும்ப அடிச்சார், கயிறு இழுக்கிற திசைக்கு எதிராக. அந்த அம்மா தன்ர காத்துமறைப்புத் துணியைக் கொண்டுவந்து முறிஞ்ச பக்கத்தில சுத்திக் கட்டினா. எங்களோட ஒரு சொல் கதைக்கேல்லை. கதைச்சாலும் காத்தில கேட்டிருக்காது. சின்னவனை அந்த அம்மா தன்ர மழைக்கோட்டுக்குள்ள வைச்சுக்கொண்டு நிண்டா, அவனும் அழுகையை நிப்பாட்டிட்டான்.

விடிய எழும்பிப் பார்த்தால் அவையின்ர இடம் வெறும் புல்லு. எங்கட தட்டைக் கழுவி வாசலில கவிழ்த்து வைச்சிருந்தவை. காத்துமறைப்புத் துணியை விட்டிட்டுப் போயிட்டினம். பண்ணைக்காரரிட்ட கேட்டன், விலாசம் தரேலாது எண்டவர், அது நியாயம்தான். அந்தத் துணி இன்னும் எங்கட காரின்ர பின்பக்கத்தில கிடக்குது. ஆருக்கும் குடுக்க மனமில்லை.

வார்டு சிஸ்டர்

அக்கா, படிச்சு அழுதுட்டேன். இந்த மாதிரி ராத்திரிகள் பத்தி ஒண்ணு சொல்லணும், யாரும் கேக்கலன்னாலும்.

போன கோடையில டெவன்ல மழை வந்ததும் பக்கத்துக் கூடாரத்துப் பசங்க அலுமினியத் தட்டு பார்பிக்யூவை உள்ள இழுத்தாங்க. "அணைஞ்சிருச்சு ஆன்ட்டி, சூட்டுக்குத்தான்"னு சொன்னாங்க. நானே போய் வெளிய எடுத்து வச்சேன். அடிக்கரி இன்னும் சிவப்பா இருந்தது.

தீ அணைஞ்ச மாதிரி தெரிஞ்சாலும் கரி மணிக்கணக்கா கார்பன் மோனாக்சைடை விட்டுட்டே இருக்கும். அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம். நடந்து களைச்சிருக்கோம்னு நினைச்சுப் படுத்துடுவாங்க, எழுந்திருக்க மாட்டாங்க. பார்பிக்யூ, கேஸ் அடுப்பு, கேஸ் ஹீட்டர் எதையும் கூடாரத்துக்குள்ளயோ முன்கூடாரத்துக்குள்ளயோ எரிய விடாதீங்க, கதவைத் திறந்து வச்சாலும் சரி. குளிருதுன்னா ஹாட் வாட்டர் பேக், கம்பளி சாக்ஸ், அடியில தடிமனான மேட். குளிர் பாதி தரையிலேர்ந்துதான் ஏறும். சின்ன அலாரம் ஒண்ணு வாங்கி வச்சுக்கலாம், ஆனா அது இருக்குன்னு அடுப்பை உள்ள வைக்கக் கூடாது. தலைவலி வந்தா எல்லாரையும் எழுப்பி வெளிய கூட்டிட்டு வாங்க, 999 அடிங்க. குழந்தைகளை முதல்ல.

நெல்லைத்தம்பி

எல்லாரும் நல்ல பப் கதையா சொல்றீங்க. எனக்கு அமைஞ்சது வேற.

நார்ஃபோக். மார்ஸ்டன்ல படகேறி பிளேக்னி பாயின்ட் சீல்களைப் பார்த்துட்டு, உப்புச் சதுப்போரமா கரைமேல நடந்து ஒரு ஊர் பப்புக்கு வந்தோம். பேர் வேண்டாம். சேறு படிஞ்ச ஷூவை வாசல்ல நல்லாத் துடைச்சுட்டுத்தான் உள்ள போனோம். சாப்பாடு கேட்டதும் "கிச்சன் மூடியாச்சு"ன்னாங்க. சரின்னு ஆளுக்கொரு லெமனேடு வாங்கிட்டு மூலையில உக்காந்தோம். பத்து நிமிஷத்துல இன்னொரு குடும்பம் வந்தது, அவங்களும் நடந்து வந்தவங்கதான். கரும்பலகையைப் பார்த்து நண்டு சாலட் கேட்டாங்க. வந்தது.

என் பொண்ணுக்கு எட்டு வயசு. நண்டுத் தட்டு எங்களைத் தாண்டிப் போறதைப் பார்த்துட்டு என்னைப் பார்த்தா. ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா பதில் சொல்லியிருப்பேன்.

மதுரக்காரி

தம்பி, கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா உடனே அப்படி முடிவு கட்டிட வேண்டாம்னு தோணுது. கிராமத்துப் பப்ல மத்தியானச் சமையல் பல இடத்துல ரெண்டு, ரெண்டரைக்கே முடிஞ்சுடும், ராத்திரிக்கு ஆறு மணிக்குத்தான் மறுபடி திறக்கும். அவங்க முன்னாடியே புக் பண்ணியிருக்கலாம், இல்ல சாலட்டுக்கு அடுப்பு வேண்டாமே. எங்களையும் நிறைய தடவை "மூடியாச்சு"ன்னு அனுப்பியிருக்காங்க, அதே ஊர்க்காரங்களையும் அனுப்பியிருக்காங்க. இனிமே காலைலயே போன் பண்ணி மேசை சொல்லிடுங்க. பப்ல பெரும்பாலும் மேசைக்கு யாரும் வந்து ஆர்டர் எடுக்க மாட்டாங்க, பார்ல போய்த்தான் சொல்லணும், மேசை நம்பரும் சொல்லணும். நாய்க்கு இடம் கொடுக்கிற பப்ல பெரும்பாலும் குழந்தைக்கும் கொடுப்பாங்க.

பருத்தித்துறைப் பெண்

அக்கா, சாலட்டுக்கு அடுப்பு வேண்டாம் எண்டால் அதைத் தம்பிக்கும் சொல்லியிருக்கலாமே. "சூடாக ஒண்டும் இல்லை, நண்டு இருக்கு" எண்டு சொல்ல எவ்வளவு நேரம் போகும்? உங்கட தொப்பிக்காரர் உண்மை. தம்பியின்ர மகள் பார்த்ததும் உண்மை.

ஸ்லவ்வாசி

கடலோடி, டேபிள் கணக்குக்கு நன்றி, மனைவி அதைப் பிரிண்ட் எடுத்துட்டா. ஆனா ஒரு விஷயத்துல உங்களோட ஒத்துப்போக முடியல. போர்டு இருக்கிறதும், அது என்ன சொல்லுதுன்னு உடம்புக்குத் தெரியுறதும் வேற வேற. நீங்களே சொன்னீங்க, ஒரு மீட்டர் கடல்ல வளர்ந்த கண்ணு எட்டு மீட்டரை நம்பாது.

நெல்லைத்தம்பி

மதுரக்காரி அக்கா, நாங்க உள்ள போனப்போ மணி ஒண்ணே முக்கால். அந்தக் குடும்பம் புக் பண்ணல, பார்ல நின்னு "மேசை ஏதாவது கிடைக்குமா"ன்னு கேட்டாங்க, என் காதுல விழுந்தது. நீங்க சொன்ன மாதிரி போன் பண்ணிச் சொல்லிட்டே போறேன் இனிமே, அது நல்ல யோசனை. ஆகஸ்ட்ல டோர்செட் போறோம், கூடாரம் லாங்டன் மேட்ராவர்ஸ் பக்கம். பொண்ணுக்கு அமோனைட் பார்க்கணுமாம். அந்த மியூசியம் திறப்புக்குப் பக்கத்து அறையா, இல்ல வெளிய சுத்திப் போகணுமா?