டேங்க் அடியில கசடு இறுகிப் போச்சு, ஆள் இறங்கித்தான் ஆகணுமா?

மாடிவீடு (மதுரை):
எட்டு வருஷமா திறக்காத செப்டிக் டேங்க். லாரிக்காரர் மேல் தண்ணியை உறிஞ்சிட்டார். அடியில ஒன்றரை அடி கசடு இறுகிக் கிடக்கு, ஒருத்தர் இறங்கி அள்ளணும், தனியா இரண்டாயிரம் கொடுங்கங்கிறார். மூடியை ரெண்டு மணி நேரம் திறந்து வெச்சு, மெழுகுவத்தி அணையலைன்னா ஆபத்து இல்லையாம். இறங்குறவரும் சம்மதிச்சுட்டார். விடலாமா?

குழாய்ராசு:
விடாதீங்க சார். இறுகின கசடை மேலிருந்தே எடுக்கலாம். லாரி பம்புல உறிஞ்சவும் தள்ளவும் மாத்துற லீவர் இருக்கும். உறிஞ்சின தண்ணியில கொஞ்சத்தை அதே ஹோஸ் வழியா வேகமா திருப்பி அடிச்சா கசடு கலங்கும். கலங்கினதும் உறிஞ்சணும். ரெண்டு மூணு தடவை செய்யணும். அப்பவும் இளகலைன்னா தண்ணி விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் ஜெட்டிங் வண்டி (தண்ணியை வேகமா பீய்ச்சி அடிக்கிற வண்டி) கூப்பிடுங்க. சிமெண்ட் தெரியுற அளவுக்குச் சுரண்டவே வேண்டாம். கொஞ்சம் கசடு மிஞ்சினா அதுல இருக்குற கிருமிகள்தான் புதுக் கழிவைச் செரிக்கும். அவசரமா அடுத்த வீட்டுக்குப் போகணும்கிறதுக்காகத்தான் பல இடத்துல ஆளை இறக்குறாங்க.

வேதியியல் வாத்தியார்:
மெழுகுவத்தி சோதனையை உடனே நிறுத்துங்க. உள்ளே மீத்தேன் இருந்தா வெடிக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடுங்கிற விஷ வாயு ஆளைக் கொல்ற அளவுக்கு இருந்தாலும் சுடர் அணையாது. அது காத்தை விடக் கனம், அடியிலயே தேங்கும். 100 பிபிஎம் (காத்துல பத்து லட்சத்துக்கு 100 பங்கு) அளவுல மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. 700-ஐத் தாண்டினா சில மூச்சுலயே மயக்கம். மூடியைத் திறந்து வெச்சாலும் கசடுக்குள்ள அடைபட்ட வாயு, மண்வெட்டி பட்டதும்தான் கிளம்பும். மேலிருந்து கலக்கும்போதும் யாரும் டேங்க் வாய்ப்பக்கம் குனியக் கூடாது.

மாடிவீடு:
இடுப்புல கயிறு கட்டி, மாஸ்க் போட்டு இறக்கினா?

குழாய்ராசு:
இடுப்புக் கயித்தை இழுத்தா மயங்கின உடம்பு ரெண்டா மடங்கி, ரெண்டடி வாயில சிக்கிக்கும். துணி மாஸ்க் ஆக்சிஜன் தராது. உள்ளே யாராவது விழுந்தா காப்பாத்தக் குதிக்காதீங்க. ரெண்டாவது, மூணாவது சாவு அப்படித்தான் நடக்குது. 112-க்குப் போன் பண்ணி, மூச்சுக் கருவியோட தீயணைப்பு வரணும்னு சொல்லுங்க.

வழக்காடி:
கையால மலம் அள்ளுறதைத் தடை செய்யுற 2013 சட்டப்படி, பாதுகாப்பு இல்லாம நேரடியாவோ மறைமுகமாவோ ஆளை இறக்கினா, முதல் தடவைக்கே ரெண்டு வருஷம் வரை சிறை, ரெண்டு லட்சம் வரை அபராதம், அல்லது ரெண்டும். "லாரிக்காரர்தான் இறக்கினார்"னு வீட்டுக்காரர் கைகழுவ முடியாது. சாக்கடைச் சாவுக்கு இழப்பீடு 30 லட்சம்னு 2023 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அவர் சம்மதிச்சார்னு எழுதியிருக்கீங்க. அன்னிக்குக் கூலி வேணும்னு சொன்ன சம்மதம் அது. இறங்காமலேயே அந்தக் கூலியைக் கொடுத்து, மேல ஹோஸ் பிடிக்க வெச்சுக்கோங்க. அடுத்த தடவை ரெண்டு, மூணு வருஷத்துக்குள்ளயே எடுத்துடுங்க, கசடு இறுகாது. உரிமம் உள்ள வண்டிக்கு 14420-க்குப் போன் பண்ணுங்க.