புது 85 லென்ஸ், ஓடியாடும் பிள்ளைங்க: கொங்குப் பக்கத்துல வெளியில படமெடுத்தவங்க சொன்னது

பொள்ளாச்சி

பிள்ளைங்களைப் படமெடுக்க 85 மிமீ எஃப் 1.8 லென்ஸ் வாங்கினவங்க பெட்டியைப் பிரிச்ச கையோட 1.8-லயே (லென்ஸ் வாய் முழுசாத் திறந்த நிலை; எண் கூடக் கூட வாய் சுருங்கும்) வச்சு அழுத்தறாங்க. காசு கொடுத்தது அதுக்குத்தானேங்கற நினைப்பு. கணக்கு இதுதானுங்க: ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார் இருக்கற) கேமரா பாடியில 2 மீட்டர் தூரத்துல 1.8 வச்சா தெளிவா விழற ஆழம் மொத்தமே 6 செ.மீ. பிள்ளை லேசாத் தலையைத் திருப்பினா ஒரு கண்ணு கூர்மையா இருக்கும், இன்னொன்னு போச்சு. அதையே 2.8-ல வச்சா 9 செ.மீ., 4-ல வச்சா 13 செ.மீ. உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு 2.8, ரெண்டு பேர் சேர்ந்து நின்னா 4. பின்னணி மங்கணும்னா பிள்ளையை மரத்துல சாய வைக்காதீங்க. பின்னாடி 10 மீட்டர் காலியா விட்டா 4-லயே தென்னை வரிசை கரைஞ்சு போயிரும்.

தென்னந்தோப்புல ரெண்டு தொந்தரவு. ஓலை சந்துல விழற வெயில் மூஞ்சியில பொட்டுப் பொட்டா நிக்கும். அதை எந்த சாஃப்ட்வேர்லயும் ஒழுங்கா எடுக்க முடியாது. இன்னொன்னு, மேலயும் கீழயும் பச்சை இருக்கறதால கன்னத்துல பச்சை ஏறிடும். சாம்பல் நிற அட்டையை மூஞ்சி பக்கத்துல பிடிச்சு ஒரு படம் எடுத்து அதுல ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாவே தெரியறதுக்கான நிற அளவு) எடுத்துக்குங்க. இடம் மாறினா மறுபடியும் எடுக்கணும். தோப்பு நடுவை விட ஓரம் நல்லது: நிழலுக்குள்ள ஒரு மீட்டர் தள்ளி, வெட்டவெளியைப் பார்த்து பிள்ளையை நிறுத்துங்க.

கோயமுத்தூர்

தூரத்தையும் சொல்லிடணும். 110 செ.மீ. உயரப் பிள்ளையை தலையிலிருந்து கால் வரைக்கும் நெட்டுவாக்குல எடுக்க, ஃபுல் ஃப்ரேம்ல மூணரை மீட்டர் போதும். ஏபிஎஸ்-சி (சென்சார் சின்னதா இருக்கற) பாடின்னா 5 மீட்டருக்கு மேல பின்னாடி போகணும். ஆனி ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அடிக்கறப்ப 5 மீட்டர்ல நின்னு சொல்றது பிள்ளை காதுல விழாது. அம்மாவோ அப்பாவோ பக்கத்துல நின்னு பேச்சுக் கொடுக்கணும். ஏபிஎஸ்-சி வச்சிருக்கறவங்களுக்கு 50 மிமீதான் சரி. 85 அதுல 128 மாதிரி ஆயிடும்.

கண்ணைப் பிடிக்கிற ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யலைன்னு புலம்பறவங்க மெனுவுல ஒண்ணைப் பாருங்க. சிங்காநல்லூர் குளத்துல பறவை எடுத்துட்டு அப்படியே வந்திருந்தா, எதைத் தேடணுங்கற இடத்துல ‘பறவை’ன்னே நின்னுட்டிருக்கும். ‘மனிதர்’னு மாத்துங்க. லென்ஸ் மேல பழியே இல்ல.

கோபி

ஆடி நோம்பிக்குத் தூரி (ஊஞ்சல்) கட்டின உடனே எல்லாரும் கேமராவைத் தூக்கிட்டு வந்துடறாங்க. புது லென்ஸோட ஃபோகஸ் வேகத்தைச் சோதிக்க தூரியை விட நல்ல இடமும் கிடையாது, கெட்ட இடமும் கிடையாது.

நேரா எதிர்ல நிக்காதீங்க. எதிர்ல நின்னா பிள்ளை லென்ஸை நோக்கி வந்து வந்து போகும். ஃபோகஸ் ஒவ்வொரு தடவையும் முன்னும் பின்னும் ஓடணும், பாதி படம் காதுல ஃபோகஸ் ஆகும். பக்கவாட்டுல, தூரி போகிற கோட்டுக்கு 60 பாகை கோணத்துல நின்னா தூரம் அவ்வளவா மாறாது, மூஞ்சியும் தெரியும். கயிறு 4 மீட்டர் இருந்தா ஒரு தடவை போய்வர ஏறக்குறைய 4 விநாடி. ரெண்டு முனையிலயும் ஒரு கண நேரம் நின்னு திரும்பும். முடி பறந்து சிரிப்பு வர்றதும் அங்கதான். முன் முனைக்கு வர்றதுக்கு அரை விநாடி முன்னாடியே அழுத்த ஆரம்பிச்சு, திரும்பின உடனே விட்டுடுங்க. அங்க ஷட்டர் வேகம் 1/500 விநாடி போதும். நடுவுல கீழ வர்ற வேகத்துக்கு 1/1600 இல்லாட்டி கை கால் இழுக்கும். தொடர் ஃபோகஸ் கட்டாயம். சோனி, நிக்கான்ல ஏஎஃப்-சி, கேனான்ல சர்வோ. ஓடற பிள்ளைக்கும் இதேதான்: விநாடிக்கு 3 மீட்டர் ஓடினா, பாதி அழுத்திப் பிடிச்சு மீதி அழுத்தற பத்துல ஒரு பங்கு விநாடியிலயே 30 செ.மீ. முன்னாடி வந்துடும். 13 செ.மீ. ஆழம் எங்க, 30 எங்க.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர்ல தூரி எடுக்காதீங்க. சென்சார் மேலிருந்து கீழா வரி வரியாப் படிக்கறதால நேரா இருக்கற கயிறு வளைஞ்சு விழும், கிரிக்கெட் மட்டையும் அப்படித்தான். ரொம்ப வேகமா படிக்கிற விலை கூடின பாடிகள்ல இது தெரியாத அளவுக்குக் குறைவு. மத்ததுல மெக்கானிக்கல் ஷட்டர்தான்.

ஈரோடு

மத்தியானத்துல 1.8 வேணும்னு அடம் பிடிக்கிறவங்களுக்கு: உச்சி வெயில்ல ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணர்ற அளவு) 100, எஃப் 1.8-க்கு ஷட்டர் 1/8000 கேட்கும். நிறைய தொடக்கநிலைப் பாடிகள் 1/4000-ல நின்னுடும், வெள்ளைச் சட்டை வெளுத்துப் போயிடும். 3 ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தை எட்டுல ஒரு பங்காக் குறைக்கிற கருப்புக் கண்ணாடி) மாட்டினா அதே வெளிச்சத்துக்கு 1/1000. ஃபில்டர் வாங்கறதுக்கு முன்னாடி லென்ஸ் வளையத்துல எத்தனை மிமீன்னு பார்த்துக்குங்க, 85-லயே கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பள்ளிக்கூட வெள்ளைச் சீருடைன்னா எக்ஸ்போஷரை 0.3-லிருந்து 0.7 ஸ்டாப் வரை குறைச்சு வைங்க. நிழல்ல விழுந்ததை ரா ஃபைல்ல (சென்சார் பதிஞ்சதை அப்படியே வச்சிருக்கற ஃபைல்) தூக்கலாம், வெளுத்ததைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

காங்கேயம்

உச்சி வெயிலுக்கு எங்க பக்கத்து வழி, கொப்பரை காயற சிமெண்டுக் களம். களத்தை ஒட்டின தாழ்வாரத்துக்குள்ள பிள்ளையை நிறுத்தினா, தரையில பட்ட வெயில் கீழிருந்து மூஞ்சிக்கு ஏறும். கண்ணுக்குக் கீழ கருப்பு விழாது, கருவிழியில வெளிச்சப் புள்ளியும் கிடைக்கும். நடுக் களத்துல மட்டும் நிறுத்தாதீங்க, பாதம் சுடும், கண்ணும் கூசும்.

ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற தட்டு) வாங்கறவங்க வெள்ளி பக்கத்தைப் பிள்ளைங்க மேல காட்டவே காட்டாதீங்க. வெள்ளைப் பக்கம், ஒரு மீட்டர் தூரம், அவ்வளவுதான். ஆடிக் காத்துல 107 செ.மீ. வட்டம் கையை விட்டுப் பறந்து யார் மேலயாவது விழும். அதுக்கு நாலு முழ வெள்ளை வேட்டி மேல்: ரெண்டு பேர் நாலு மூலையையும் பிடிச்சா போதும். ஜரிகை இல்லாத வேட்டியா பார்த்துக்குங்க. கலர்க் கரை இருந்தா மடிச்சு மறைங்க, அந்தக் கலர் தாடையில ஏறும். சாஃப்ட்பாக்ஸ் (மெத்துன்னு வெளிச்சம் தர்ற விளக்குப் பெட்டி) ஸ்டாண்டெல்லாம் பிள்ளைங்க ஓடற இடத்துக்கு வேண்டாம். கட்டாயம் வேணும்னா காலுக்கு மணல் மூட்டை, பக்கத்துல ஒரு ஆள்.

கோயமுத்தூர், மேற்கால

ஆழியார், சிறுவாணிப் பக்கம் சாயங்காலம் போறவங்க கேலண்டர்ல போட்ட அஸ்தமன நேரத்தை நம்பிப் போகாதீங்க. மலை மேற்க இருக்கறதால சூரியன் முன்னாடியே மறைஞ்சுடும். அடிவாரத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு சீக்கிரம். மாலை மஞ்சள் வெயில் கடைசி வரைக்கும் வேணும்னா தாராபுரம், காங்கேயம் மாதிரி சமவெளிதான். மலையடிவாரத்துல காலையிலதான் எடுக்கணும், கிழக்க மறைப்பு இல்ல.

திருப்பூர்

மெமரி கார்டு பத்தி யாருமே பேசல. சுருக்கின ரா ஃபைல் ஒண்ணு 25 எம்பி, விநாடிக்கு 10 படம்னா 250 எம்பி. வி30 கார்டு விநாடிக்கு 30 எம்பிக்குத்தான் உத்தரவாதம். தூரி நாலு சுத்து ஆடறதுக்குள்ள பஃபர் (கார்டுக்குப் போறதுக்கு முன்னாடி படம் தங்கற கேமரா நினைவகம்) நிறைஞ்சு கேமரா மூச்சு வாங்கும், அப்பப் பார்த்துத்தான் பிள்ளை நல்லாச் சிரிக்கும். வி60 போடுங்க, இல்லாட்டி விநாடிக்கு 5 படமாக் குறைங்க. லென்ஸ் மாத்தறதா இருந்தா காருக்குள்ள, கண்ணாடியை ஏத்திட்டு, பாடி வாயைக் கீழ பார்த்த மாதிரி பிடிச்சு மாத்துங்க. செம்மண் தூசி சென்சார்ல ஒட்டினா 1.8-ல தெரியாது, வேற வேலைக்கு எஃப் 11 வைக்கறப்பதான் வானத்துல புள்ளி புள்ளியாத் தெரியும். ரப்பர் புளோயர் வச்சு ஊதுங்க, வாயால ஊதினா எச்சில்தான் போகும்.