வெள்ளை அணு 62,000 இருக்கிறது, ஆனால் அக்காவுக்கு இரத்தம் ஊறவில்லை. ஏன்?

குடியாத்தம் தறிக்காரன்:
வணக்கம். என் அக்காவுக்கு 38 வயது. போன மாதம் பல் தேய்க்கும்போது ஈறில் வந்த இரத்தம் நிற்கவே இல்லை. எங்கும் இடித்துக்கொள்ளாமலே தொடையில் நீலம் பாய்ந்தது. பல் டாக்டர்தான் முதலில் சந்தேகப்பட்டு இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். இப்போது வேலூரில் சேர்த்திருக்கிறோம். ஏ.எம்.எல். என்ற இரத்தப் புற்று என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளை அணு 62,000, ஹீமோகுளோபின் 6.4, பிளேட்லெட் 14,000.

வெள்ளை அணுதான் கிருமியோடு சண்டை போடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். 62,000 இருந்தும் காய்ச்சல் ஏன் விடவில்லை? புற்று வெள்ளை அணுவில் என்றால் சிவப்பணுவும் பிளேட்லெட்டும் ஏன் இறங்க வேண்டும்? டாக்டர் "மஜ்ஜையில் இடமில்லாமல் போச்சு" என்றார். அவர் அவசரத்தில் இருந்தார், மேலே கேட்க முடியவில்லை. ராத்திரி வராந்தாவில் படுத்தால் இதே யோசனைதான். யாராவது சொல்லுங்கள்.

காட்பாடி லேப் அம்மா:
தம்பி, நான் டாக்டர் இல்லை. 27 வருடம் லேபில் ஸ்லைடு பார்த்தவள். மருந்து விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு. அணுவைப் பற்றி நான் பார்த்ததையும் படித்ததையும் சொல்கிறேன்.

அந்த 62,000-ஐ வெள்ளை அணு என்று எண்ணாதீர்கள். பெரும்பாலும் அது பிளாஸ்ட், அதாவது வளராத பிஞ்சு அணு. லீஷ்மன் சாயம் போட்டு, எண்ணெய் விட்டு, நூறு மடங்கு லென்ஸில் பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிய உருண்டை. உள்ளே முழுக்க உட்கரு, சுற்றி மெல்லிய நீல ஓரம். உட்கருவுக்குள் வெளிறிய புள்ளி இரண்டு மூன்று தெரியும். சிலவற்றில் செந்நிற ஊசி மாதிரி ஒரு கோடு கிடக்கும். அதைப் பார்த்தால் மைலாய்ட் வகை, அதாவது ஏ.எம்.எல். பக்கத்துப் புற்று என்று தெரிந்துவிடும். இந்த அணுவுக்குக் கிருமியைப் பிடித்து விழுங்கத் தெரியாது. அந்த வேலை நியூட்ரோஃபில் என்ற வளர்ந்த வெள்ளை அணுவுடையது. ரிப்போர்ட்டில் அந்த வரியைத் தனியாகப் பாருங்கள். அது 500-க்குக் கீழே போனால் சாதாரணக் காய்ச்சலும் ஆபத்து.

அடுத்து, இரத்தம் ஏன் ஊறவில்லை என்பது. நல்ல மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 20,000 கோடி சிவப்பணு செய்கிறது. சிவப்பணு 120 நாள் ஓடும், பிளேட்லெட் எட்டுப் பத்து நாள்தான். நியூட்ரோஃபில் இரத்தத்தில் ஒரு நாள்கூடத் தங்காது. உற்பத்தி நின்றால் பிளேட்லெட்டும் நியூட்ரோஃபிலும் முதலில் காலியாகும். உங்கள் அக்காவுக்கு ஈறில் இரத்தமும் காய்ச்சலும் முந்திக்கொண்டது அதனால்தான்.

"இடமில்லை" என்பது பாதி உண்மை. நல்ல மஜ்ஜை ஸ்லைடில் கொழுப்பு இருந்த இடம் வெள்ளை வெள்ளையாகத் தெரியும். பிளேட்லெட் செய்யும் மெகாகேரியோசைட் சின்ன லென்ஸிலேயே யானை மாதிரி கண்ணில் படும். இரத்தப் புற்றில் ஸ்லைடு முழுக்கத் தேடினாலும் ஒன்றுகூடக் கிடைக்காத நாள் உண்டு. ஆனால் பிளாஸ்ட் 30 சதவீதமே இருந்து, கொழுப்பு இடமும் மிச்சம் இருந்து, பிளேட்லெட் மட்டும் 20,000-இல் நின்ற ஆட்களையும் பார்த்திருக்கிறேன். இட நெருக்கடி மட்டும்தான் காரணம் என்றால் அவர்களுக்கு ஏன் குறைய வேண்டும்? பல வருடம் எனக்கு உறுத்திய கேள்வி இது.

அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். இரத்தத்துக்கெல்லாம் தாயான ஸ்டெம் செல் மஜ்ஜையில் சும்மா மிதப்பதில்லை. இரத்தக்குழாய் ஓரமாகவும் எலும்புச் சுவர் ஓரமாகவும் அதைப் பராமரிக்கும் அணுக்கள் இருக்கின்றன. அவை சுரக்கும் சில புரதங்கள்தான் அதற்கு "இங்கே இரு, இப்போது பெருகு" என்று சொல்பவை. புற்றணு அந்த இடத்துக்குள் புகுந்து அந்தச் சைகையையே மாற்றிவிடுகிறது. 2008-இல் சிகாகோவில் எலியை வைத்து இதைக் காட்டினார்கள். புற்றணு ஒரு புரதத்தைச் சுரந்து, நல்ல ஸ்டெம் செல்லைத் தன் இடத்துக்கே இழுத்து வைத்துக்கொண்டது. அங்கே போனவை ஒழுங்காக வேலை செய்யவில்லை.

ஆற்காடு ராமு அப்பா:
என் பையனுக்கு ஏ.எல்.எல். என்ற இன்னொரு வகை இரத்தப் புற்று வந்தது ஏழு வயதில். ஊரில் ஒருவர் "சோகை" என்று சொல்லி இரண்டு மாதம் இரும்பு டானிக் கொடுத்தார். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. இப்போது பையன் பத்தாவது படிக்கிறான்.

தம்பி, பிளேட்லெட் ஏற்றினால் இரண்டு மூன்று நாளில் மறுபடி இறங்கும். மருந்து வேலை செய்யவில்லை என்று நாங்கள் அழுதோம், அது தப்பு. ஏற்றியது தீர்கிறது, உள்ளே இன்னும் ஊறவில்லை, அவ்வளவுதான். மெஷினில் ஒரே ஆளிடம் எடுக்கும் பிளேட்லெட்டுக்கு ஒன்று ஒன்றரை மணி நேரம் ஆகும். ஊரிலிருந்து நாலைந்து பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

குடியாத்தம் தறிக்காரன்:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. லேப் அம்மா, ஒன்றே ஒன்று. அப்படியென்றால் அக்காவின் நல்ல ஸ்டெம் செல் எல்லாம் செத்துவிட்டதா? கீமோ இன்று ஐந்தாவது நாள்.

காட்பாடி லேப் அம்மா:
இல்லை தம்பி. 2013-இல் லண்டனில் ஏ.எம்.எல். நோயாளிகளின் மஜ்ஜையில் இதையே எண்ணிப் பார்த்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு நல்ல ஸ்டெம் செல் எண்ணிக்கை குறையவே இல்லை. அதற்கு அடுத்த படிக்கு இறங்கி வளர்வதுதான் தடைபட்டிருந்தது. தறிக்காரருக்குச் சொல்வதென்றால், தறி உடையவில்லை, ஓடாமல் நிறுத்தப்பட்டிருக்கிறது.

கீமோ வேகமாகப் பெருகுகிற அணுவைத்தான் அதிகம் அடிக்கும். தூங்குகிற ஸ்டெம் செல் பெரும்பாலும் தப்பிக்கும். அதனால் இன்னும் சில நாளில் வெள்ளை அணு 62,000-இலிருந்து சில நூறுக்கு இறங்கினால் பதறாதீர்கள், அது எதிர்பார்த்ததுதான். மூன்று நாலு வாரம் பொறுக்க வேண்டும். ஏறத் தொடங்கும்போது பல பேருக்கு மோனோசைட் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுதான் முதலில் தலைகாட்டும், நியூட்ரோஃபில் பின்னால் வரும். மஜ்ஜையில் பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே, நியூட்ரோஃபில் 1,000-க்கு மேலே, பிளேட்லெட் ஒரு லட்சம் என்று வந்தால் ரெமிஷன், அதாவது நோய் அடங்கியிருக்கிறது என்பார்கள்.

தினமும் ரிப்போர்ட்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மோனோசைட் வரியையும் சேர்த்து.

குடியாத்தம் தறிக்காரன்:
நோட்டு வாங்கிவிட்டேன் அம்மா. இன்று மோனோசைட் 0.

*16 நாள் கழித்து:* மோனோசைட் 4.