புதுப்பிப்பு: தேங்காய் போர்ட்டர், இரண்டாவது பாட்டில்

போன வாரம் ஒரு தேங்காய் போர்ட்டரை, அதாவது தேங்காய் சேர்த்த கருநிற பீரைப் பற்றி எழுதியிருந்தேன்: தேங்காயே தெரியவில்லை, கருகிய கசப்பு மட்டும்தான், ஐந்துக்கு இரண்டு.

தப்பு என் மேல்தான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றிவிட்டேன். அவ்வளவு குளிரில் வாசனை எழும்பாது. நேற்று இரண்டாவது பாட்டிலை அரை மணி நேரம் வெளியே வைத்து, 12 டிகிரி வாக்கில் வந்தபின் வாய் குறுகிய கிளாசில் ஊற்றினேன். முதல் மோப்பத்திலேயே வறுத்த தேங்காய்த் துருவல்! எண்ணெய்ச் சிக்கு வாடை துளியும் இல்லை. அப்புறம் காப்பி, டார்க் சாக்லேட். விழுங்கிய பிறகும் தேங்காய் கொஞ்ச நேரம் நாக்கிலேயே நின்றது.

நுரை மட்டும் அதே கதை, இரண்டு நிமிடத்தில் காணோம். தேங்காயின் கொழுப்பு நுரையைக் குலைக்கும் என்பதால் அதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை. கொஞ்சம் நீர்த்த மாதிரியும் இருக்கிறது. போர்ட்டர் என்பதால் விட்டேன், இதைவிடக் கெட்டியாக இருக்க வேண்டிய ஸ்டவுட் வகை பீர் என்று சொல்லி விற்றிருந்தால் சண்டைதான்.

ஓக் பீப்பாயில் ஊறியதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான சந்தேகம்தான், ஓக் மரத்திலுள்ள லாக்டோன் என்ற வாசனைப் பொருள்களும் தேங்காய் மணம் தரும். ஆனால் இதில் மரவாடையோ வெனிலாவோ இல்லை, லேபிளிலும் வறுத்த தேங்காய் என்றுதான் போட்டிருக்கிறது.

சரி, புது மதிப்பெண் மூன்றரை.